மூன்றாவது மணி

"எத்தனை தடவைம்மா சொல்றது? உன் வீட்டுக்காரர் போனதைச் சொல்றே. எதனால போனார்னு சொல்ல மாட்டேங்கறே."

ராஜசேகரன் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வகுப்பில் இருந்த மற்ற ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பலகைக்கு முன்னால் நின்ற பூங்கோதை கையிலிருந்த மார்க்கர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

டெல்லியில் அந்த மத்திய அரசு நிறுவனத்தின் வண்டிகளெல்லாம் ராஜசேகரன் பொறுப்பு. காலை எட்டிலிருந்து பத்துக்குள் இருபது டிரைவர்களைப் போனிலேயே மேய்த்துவிடுவார். போன் மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் மெமோ. அவர் தயவில் அங்கே எந்த அதிகாரியும் வண்டிக்காகக் கால்கடுக்க நின்றதில்லை.

இப்போது இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. பாதுகாப்பாக வண்டி ஓட்டுவதை ஊழியர்களுக்குச் சொல்லித்தரப் பிரிவுக்கு ஒருவரைப் பிடித்து ஆசிரியராக்க வேண்டும். ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாள் பொது மேலாளர் முன்னால் பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

பூங்கோதையைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அவள் கணவன் செந்தில்குமார் அதே ஆபீஸில் டிரைவராக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், சாணக்யபுரி திருப்பத்தில் தண்ணீர் லாரியில் மோதிப் போய்விட்டான். போனில் பேசிக்கொண்டே ஓட்டினான் என்றது விசாரணை அறிக்கை. யாரோடு பேசினான் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அந்த போன் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று ஆபீஸ் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். மாமியார் வீட்டில் அதற்காகவே அவளை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பூங்கோதை யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கிடைக்க ராஜசேகரன் எட்டு மாதம் மேஜை மேஜையாக அலைந்தார். நல்ல மனுஷர்தான். அந்தத் தற்காலிக வேலை இந்த மாதம் நிரந்தரமாக வேண்டும். பயிற்சியில் தேறினால் ஃபைல் நகரும்.

டீ இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சீட் பெல்ட், பிரேக் எல்லாம் யார் வேணா சொல்லிடலாம். நீ சொன்னாத்தான் எடுபடும்னு ஒண்ணு இருக்கு. 'நான் பண்ணின போன்தான் அவரைக் கொன்னுது'ன்னு சொல்லும்மா. அதுக்கப்புறம் ஒருத்தனும் போனைத் தொட மாட்டான்."

பூங்கோதை டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும் வேணாங்க சார்."

"கஷ்டம்தான், எனக்குப் புரியாதா? அவர் போனையும் எடுத்துட்டு வா. கையில பிடிச்சுக் காட்டணும்."

"போன் வேணவே வேணாம் சார்."

அவருக்குச் சுருக்கென்றது. இவளுக்காக எத்தனை படி ஏறி இறங்கினோம் என்று தோன்றியது. அதை வாய்விட்டே சொல்லிவிட்டார். போன் இல்லாமல் வந்தால் தேறியதாகக் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார்.

கடைசி நாள் பூங்கோதை பிளாஸ்டிக் பையில் போனைக் கொண்டுவந்தாள். பழைய பட்டன் போன். கண்ணாடியில் கோணல்மாணலாக ஒரு விரிசல்.

கரோல் பாக் கடைகளில் பேசிப் பழகிய ஹிந்தியில்தான் பாடம் நடத்தினாள். எங்கும் தடுமாறவில்லை. முடிக்கும்போது போனைத் தூக்கிக் காட்டி, அன்றைக்கு அவருக்கு வந்த போன் நான் பண்ணியது என்றாள். பொது மேலாளர் மகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் கை தட்டியவர் ராஜசேகரன். அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

எல்லாரும் சாப்பிடக் கிளம்பினார்கள். பூங்கோதை முகம் கழுவப் போனாள்.

போன் மேஜைமேல் கிடந்தது. அடுத்த வகுப்பில் இதை மணியடிக்க வைத்தால் இன்னும் எடுபடுமே என்று ராஜசேகரனுக்கு ஒரு யோசனை. சார்ஜரில் செருகினார். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. வேலை செய்கிறதா பார்க்கப் பச்சைப் பட்டனை அழுத்தினார்.

வந்த அழைப்புகள் வரிசையாக விரிந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகப் பேசியது: 'டிரான்ஸ்போர்ட் சார்'. விபத்து நடந்த அன்று காலை ஒன்பது பதினாலு. பதினோரு விநாடி.

அதற்குக் கீழே மூன்று முறை 'பூங்கோதை'. மூன்றும் எடுக்கப்படாதவை.

வண்டி ஓட்டும்போது பெண்டாட்டி போனை அவன் எடுக்கவே இல்லை.

ராஜசேகரன் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எங்கே இருக்கே, ஜல்தி வா என்று எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவனிடமும் கேட்டிருப்பார். லைன் கட் ஆனதும் அடுத்த டிரைவரைக் கூப்பிட்டிருப்பார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பூங்கோதை வாசலில் நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"போலீஸ்ல போனைக் குடுத்த அன்னைக்கே தெரியும் சார்."

"ஏம்மா சொல்லலை?"

"அந்த வாரம்தான் நீங்க என் ஃபைலைத் தூக்கிட்டு அலைய ஆரம்பிச்சீங்க. எப்படிங்க சார் சொல்றது? அதான் போன் வேணாம்னேன்."

சார்ஜரைப் பிடுங்கிப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவருடைய போன் மேஜைமேல் அடிக்கத் தொடங்கியது. மூன்றாவது மணி அடித்தும் அவர் கை நகரவில்லை.

பூங்கோதை வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"திங்கக்கிழமை கிளாஸ்லயும் என் போன்னே சொல்லிடறேன் சார்."