மூன்றாவது மூச்சு

நாற்பதாயிரம் வருடம் உறங்கிய சைபீரிய மண்ணை ஒரே அதட்டலில் எழுப்பிய ஆள் நான். 1996இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். பென்ஷனுக்கு இரண்டே வருடம் இருந்தது.

குளிர் அறைப் பெட்டியில் அந்த உறைமண் இருந்தது. உருகினால் உள்ளிருக்கும் மீத்தேன் வெளியேறும், உலகம் சூடாகும் என்பார்கள். ஒரு காலை அது சேறாகிக் குமிழி விட்டது. நான் கதவைத் திறந்து வைத்துவிட்டேன் என்று ஆராய்ச்சி மாணவன் ராகவேந்திரன் புகார் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அதைக் கொடுத்தால் என் வேலை போய்விடும்.

எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மனியே உருகியிருக்கும். அவனைக் குளிர் அறைக்குள் இழுத்துக் கதவை மூடினேன்.

"புகை விட்டு உலகத்தைச் சூடாக்கிறவையை விட்டிட்டு, நிலம் துடைக்கிறவனைப் பிடிக்கிறீரோ?"

"டெம்பரேச்சரைப் பாருங்க சார், மைனஸ் இருபது! இதுல மண்ணு தானா உருகுமா?"

"நீரே பாரும். எடேய் மண்ணே, வாயைத் திற!"

அவன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. என் மூச்சும் புகைந்தது. பெட்டிக்குள்ளிருந்து, எங்களைவிட நிதானமாக, இன்னொன்று புகைந்தது.

இருவரும் மூச்சை அடக்கினோம். அது அடக்கவில்லை.

ராகவேந்திரன் புகாரை எடுத்துக் கிழித்தான்.

"கதவு மூடித்தான் இருந்திருக்கு, சார். நானும் எண்ணினேன். மூணு."