சூயஸ் கால்வாயும் வேலாயி கூடையும்

"துரைங்களே, சூயஸ் கால்வாய் இன்னைக்கு என்னங்க ஆச்சு?"

கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி தராசை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையோடு வரிசையில் நின்ற பொம்பளைகள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் பெருமூச்சு விட்டார்கள்.

"ஆரம்பிச்சிட்டாருடி!" என்றாள் ராக்காயி.

சின்னத்துரையின் முகம் தக்காளியாகச் சிவந்தது. இலங்கை மலைத் தோட்டத்து உதவி மேலாளர், வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார்; தமிழ்தான் அவரிடம் படாதபாடு படும்.

"கால்வாய் யாரு வெட்டினது? நாங்க வெட்டினது! இப்ப எகிப்துக்காரன் சொல்றான், 'என் கால்வாய்!' நாங்க விடுவானா? கப்பல்ல போறான், பிளேன்ல போறான், அடிக்கிறான்!"

"வெட்டுனது நம்மள மாதிரி கூலிதான். இவங்க பக்கத்துல குடை புடிச்சு நின்னிருப்பாங்க."

ராக்காயி சொன்னது துரை காதில் விழவில்லை. அவர் மடுவத்தை விட்டு இறங்கி, ஈரத் தரையில் பிரம்பால் உலகப்படம் போடத் தொடங்கியிருந்தார். சேற்றுக் குட்டை ஒன்று கடலாகிவிட்டது.

கணக்கப்பிள்ளை இரண்டு வாயால் பேசினார்.

"ராக்காயி, இருபத்தஞ்சு! அப்புறம் துரை? குண்டு போட்டாங்களா? அழகம்மா, இருபத்திரெண்டு! அடேயப்பா, பிரெஞ்சுக்காரனும் நம்ம பக்கந்தானுங்களா? வேலாயி, பதினாறு, முழுப்பேர்!"

வேலாயிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பதினாறு றாத்தல் இருந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். அவளுக்கு நாலு மாதக் கைப்பிள்ளை. பால் கொடுக்க, பிள்ளையை விட்டிருக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி ஓடித் திரும்புவதில் கூடை நிறையாது. "இன்னொரு தரம் அரைப்பேர்னா உன் பேர் வெட்டுறது!" என்று போன மாதமே துரை பிரம்பை ஆட்டிச் சொல்லியிருந்தார். பேர் வெட்டினால் வேலை போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

திரும்பும் வழியில் ராக்காயி ஒரு குச்சியை ஒடித்துப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டாள். "நாங்க விடுவானா?" என்று கழுத்தை நீட்டினாள். உடனே மறுபக்கம் திரும்பிக் குனிந்து, "அடேயப்பா, அப்படிங்களா துரை?" என்று கைகட்டினாள். பொம்பளைகளுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அவிழ்ந்தது.

"பாரமும் பசியுமா நாம நிக்கிறோம். இந்தாளுக்குத் துரைகிட்ட வால் ஆட்டணும், அதுக்கு ஒரு சண்டை" என்றாள் ராக்காயி.

"விடுக்கா. பத்து நாளா எனக்கு அரைப்பேர் விழலயே."

"அது மாரியாத்தா கருணைடி. கொழுந்து நல்லாக் கனக்குது. இந்த மனுசன் வாயத்தான் அவளால மூட முடியல."

மறுநாளே மூடினாள். அட்டன் டவுனிலிருந்து வந்த பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: சூயஸில் சண்டை நிறுத்தம். ராக்காயி கோயிலில் ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தினாள்.

அன்று சாயங்காலம் துரை பேசவில்லை. தோற்ற பக்கத்து முகம்.

"துரைங்களே, சூயஸ்..." என்றார் கணக்கப்பிள்ளை.

"ஷட் அப்!"

துரை நேரே வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அழகம்மா, இருபத்திரெண்டு."

"கழிச்சியா?"

கணக்கப்பிள்ளை எழுதியதை அடித்தார். "இப்பக் கழிக்கிறேனுங்க."

"கூடைக்கு, தண்ணிக்கு, நாலு றாத்தல் கழிக்கணும்! மழை இல்லைன்னா பனிக்குக் கழி!"

"அழகம்மா... பதினெட்டு."

ராக்காயி கூடை இருபத்தஞ்சிலிருந்து இருபத்தொன்றுக்கு இறங்கியது. அவள் விரல் விட்டு எண்ணினாள். பத்து நாளாக இறங்காத நாலு றாத்தல். மாரியாத்தாவின் நாலு றாத்தல்.

கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வேலாயி. அவள் கூடையைப் பார்த்தாலே தெரிந்தது. பதினாறுக்கு மேல் ஒரு இலைகூடத் தேறாது. கூடையை இறக்கவே அவளுக்குக் கை வரவில்லை.

"சீக்கிரம்!" என்றார் துரை.

"துரைங்களே!"

எல்லோரும் திரும்பினார்கள். ராக்காயி கைகட்டிக் குனிந்து நின்றாள். இந்தத் தடவை நடிப்பில்லை.

"என்ன?"

"இந்த உலகத்துல... வேற எங்கயாச்சும் சண்டை நடக்குதுங்களா?"

மடுவமே வாயைப் பிளந்தது. துரையின் முகத்தில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது.

"நடக்குது! ஹங்கேரி! ரஷ்யாக்காரன் டாங்கி விடுறான்! சின்ன நாடு, பாவம்! நான் கேக்குறான், அடுத்தவன் நாட்டுல இவனுக்கு என்ன வேலை?"

கேட்டுக்கொண்டே பிரம்போடு இறங்கிப் போய், சேற்றில் ஹங்கேரியைத் தேடினார்.

"அநியாயமுங்க துரை! எத்தனை டாங்கிங்க? வேலாயி, பதினாறு, முழுப்பேர்!"

வேலாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள்.

ராக்காயி தராசுப் பக்கம் ஒதுங்கிக் கிசுகிசுத்தாள்.

"ஐயா, இந்தச் சண்டை எத்தனை நாளைக்குங்க தாங்கும்?"

"கவலப்படாத தாயி" என்றார் கணக்கப்பிள்ளை. "இது முடியறதுக்குள்ள இன்னொண்ணு மூட்டிருவாங்க. உலகத் தலைவருங்க ஒருக்காலும் நம்ம வயித்துல அடிக்க மாட்டாங்க."