வியாழக்கிழமைச் சதுரங்கம்

மாப்பிள்ளையின் தகப்பனாராகிய தலைமையாசிரியர் தம் குதிரையை நேர்கோட்டில் ஓட்டிச் சென்று எதிராளியின் யானையை வெட்டினார். பெண்ணின் தகப்பனாராகிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் "பலே!" என்று தலையசைத்தார். குதிரை அவ்வாறு செல்லலாகாது என்பதை அவரும் அறியார்.

"பிரமாதமா ஆடுறீங்க சார்."

"உங்க அளவுக்கு வராது சார்."

சோபாவில் அமர்ந்திருந்த மனைவியர் இருவரும் கண்ணிமையாது ஆட்டத்தைப் பார்த்திருந்தனர். மணம் பேசவிருந்த பிள்ளைகளோ மாடியில். அவர்களுடைய சிரிப்பொலி அவ்வப்போது படியிறங்கி வந்தது. அதைத் தாம் கெடுத்துவிடக் கூடாதே என்பதொன்றே கடைக்காரரின் கவலை.

வினை தொடங்கியது சற்று முன்புதான். அடுத்து என்றைக்குக் கூடலாம் என்ற பேச்சு வந்தபோது, "வியாழக்கிழமை மட்டும் வேண்டாம் அண்ணா. இவர் செஸ் ஆடப் போயிடுவார், நான் தையல் வகுப்புக்குப் போயிடுவேன்" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"அட, எங்க வீட்டுலயும் அதே கதைதான்! இவர் செஸ், நான் தையல்" என்று வியந்த பெண்ணின் தாயார், கையோடு உள்ளே போய், உறைகூடப் பிரிக்காத சதுரங்கப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "ரெண்டு புலிங்க ஒண்ணு சேர்ந்திருக்கீங்க. ஒரு கை பார்த்துடுங்களேன்."

புலிகள் இரண்டும் வெளிறின. வியாழன்தோறும் அவ்விருவரும் செல்வது சதுரங்கம் ஆடுவதற்கன்று. காமப் பித்துக்கு அடிமையாகி அதனின்று மீள முயல்வோரின் கூட்டத்துக்கு. மீட்சிக்கென வகுத்த பன்னிரண்டு படிகளைப் பற்றி ஏறும் அந்த அடியார் குழாத்தில் ஒருவர் மற்றவரைப் பெயர் கேட்பதில்லை. வெளியே கண்டால் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதுமில்லை. தலைமையாசிரியர் அங்கே 'இடி'. அவர் மனமுருகி அழுதால் ஜன்னல் அதிரும். கடைக்காரர் 'டீ அண்ணன்'.

தேநீர் கொடுப்பதை அவர் திருத்தொண்டாகவே செய்துவந்தார். எவருக்கு எத்தனை கரண்டிச் சர்க்கரை என்பது அவர் கைக்கே மனப்பாடம். அடுத்த அறையில் அதே நேரம் அடியார்களின் வீட்டாருக்கென ஒரு கூட்டம் நடக்கும். அதற்கும் ஒரு ஃபிளாஸ்க் நிறைத்துச் சாத்திய கதவின்முன் வைத்துவிட்டு, தவத்தைக் கலைக்க அஞ்சுவார்போல் ஓசையின்றித் திரும்புவார். எட்டிப் பார்ப்பது முறையன்று.

இன்று வாசற்கதவைத் திறந்தவர், எதிரே இடியைக் கண்டதும் உறைந்துபோனார்.

"உங்களை நான் எங்கயுமே பார்த்ததில்ல சார்."

"நானும்தான் சார். சத்தியமா பார்த்ததில்ல."

ஏன் இத்தனை அழுத்தம் என்று நல்லவேளையாக எவரும் கேட்கவில்லை. கேட்டு, விடையும் கிட்டியிருந்தால், இரண்டு குடும்பங்கள் அங்கேயே உடைந்திருக்கும். மாடியில் முளைத்துக்கொண்டிருப்பது மூன்றாவது.

"என்னங்க, யோசிச்சது போதும். இன்னைக்கு நீங்களே போய் டீ போட்டுக் கொண்டு வாங்க" என்றார் கடைக்காரரின் மனைவி.

அவ்வீட்டில் அடுப்பைத் தொட்டறியாதவர் அவர். ஆயினும் பலகையினின்று தப்பினால் போதுமென்று எழுந்தார். எழுந்ததும் சட்டையின் நடுவே பொத்தானில்லாத இடம் வாய் பிளந்தது. பொத்தான் அறுந்து வெகுநாளாகியும், தையல் வகுப்புக்குச் செல்லும் மனைவிக்கு அதைத் தைக்க நேரம் வாய்க்கவில்லை. ஒரு கையால் அதை மூடியவாறே சமையலறைக்குள் ஓடினார்.

தட்டேந்தித் திரும்பியபோது மூன்று கோப்பைகளில் பால் கலந்த தேநீர் இருந்தது. நான்காவது ஓர் உயரமான கண்ணாடித் தம்ளர். பாலின்றிக் கறுத்து, சர்க்கரை அடியில் மணலாய்த் தேங்கியிருந்தது. அவர் அறியாமலே கை தன் திருத்தொண்டைத் தானே செய்து முடித்திருந்தது.

தலைமையாசிரியர் அதை வாங்கி ஒரு வாய் பருகி, கண்மூடி, "நன்றி அண்ணே" என்றார். சொன்ன பிறகே கண் திறந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் தம் கோப்பையை வாயருகே நிறுத்தினார். "ஏன் அண்ணா, இவர் பால் சேர்க்காம, நாலு கரண்டி சர்க்கரை போட்டுத்தான் குடிப்பார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலைமையாசிரியர் பதற்றத்தில் தம் ராஜாவைத் தாமே வெட்டிக் கீழே வைத்தார்.

"அது வந்து தங்கச்சி... கண்ணைப் பார்த்தாலே சொல்லிடுவேன். தொழில் பழக்கம்."

"கண்ணைப் பார்த்தா கண்ணாடிதானே சொல்லுவீங்க? சர்க்கரைகூடவா?"

மாடியில் சிரிப்பொலி நின்றிருந்தது. கடைக்காரர் தட்டைக் கீழே வைத்தார். இனி உண்மையே துணை. தம்மை மட்டும் சொல்வோம், அடியார் ஒருவரைக் காட்டிக்கொடோம் என்று துணிந்து, பொத்தானற்ற மார்பில் கை வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்குச் செஸ்ஸே தெரியாது. வியாழக்கிழமை நான் போறது..."

அவர் மனைவி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தேநீரை நிதானமாக ஒரு வாய் உறிஞ்சி, அருகிலிருந்த மாப்பிள்ளையின் தாயார் பக்கம் திரும்பினார்.

"நம்ம தையல் வகுப்புக் கதவுக்கு வெளியே வாராவாரம் வைக்கிற அதே டீதான், இல்ல சம்பந்தி?"