இஞ்சி போட்ட பிளேன்டீ

“ஒரு மாத்திரைகூட நான் எடுக்கலங்க. கர்த்தர்தான் என்னைய சொகப்படுத்துனாரு.”

கிஷாந்த் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சாட்சி சொன்னதும் சபை மண்டபமே கைதட்டியது.

நான் தட்டவில்லை. கையில் தேநீர்க் கேத்தல் இருந்தது. இல்லாவிட்டாலும் தட்டியிருக்க முடியாது.

அந்த மாத்திரையை ஒரு வருஷமாக நசுக்கிக் கொடுப்பவளே நான்தானே!

கிஷாந்த் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரன். மாத்திரையை நீட்டினால் அம்மா முகத்திலேயே விட்டெறிவான். ஆனால் நான் தேநீர் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் குடிப்பான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி வழி சொன்னேன்.

கரண்டியின் அடியால் மாத்திரையை நசுக்க வேண்டியது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனியை அள்ளிக் கொட்டி, சாயங்காலம் பாலில்லாமல் ஒரு பிளேன்டீ. கசப்பே தெரியாது என்று எனக்குப் பெருமை வேறு.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஏனென்றால் பாஸ்டர் போட்டிருக்கும் முதல் சட்டத்தையே நான் மீறியிருந்தேன்.

மனசு சுகமில்லாதவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எங்கள் சபை நடத்துகிற சனிக்கிழமைக் கூட்டம் இது. ஜெபமும் வேண்டும், மருந்தும் வேண்டும், எதையும் அவர்களை ஏமாற்றிக் கொடுக்கக் கூடாது என்பார் பாஸ்டர். மீறுகிறவர்களுக்கு ஊழியத்தில் இடமில்லை.

நான் அந்த ஊழியத்துக்குப் பொறுப்பான வினோதாக்கா. எல்லாருக்கும் புத்தி சொல்கிறவள்.

பாஸ்டர் எழுந்து, “மருந்த யாரும் விட்றாதீங்க” என்று வழக்கம்போலச் சொன்னார். கைதட்டி முடித்த பிறகு அந்தப் பேச்சு யார் காதில் ஏறும்?

ஜீவராணி மட்டும் எழுந்து முன்னால் போனாள். நெற்றியில் திருநீறு அழியாமல் கோயிலிலிருந்து நேரே இங்கே வருகிறவள். ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கிடைக்காத மாதங்களில் மகள் பூரணிக்கு நாங்கள்தான் மருந்து எடுத்துக் கொடுப்போம். மருந்து குடித்தால் பூரணிக்குக் கை நடுங்குகிறது, பறிக்கிற கொழுந்து நிறை வருவதில்லை, அரை நாள் சம்பளம்தான் போடுகிறார்கள். ஜீவராணிக்கு அந்த மாத்திரை மேல் ஏற்கெனவே கோபம்.

சிலுவைக்குக் கீழே இருந்த மேசையில் மகளின் மாத்திரைப் பையை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். பாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

போன மழைக்காலத்தில் மாத்திரை நின்றபோது பூரணியை ஆற்றிலிருந்துதான் தூக்கி வந்தோம். தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

ஜீவராணி மகளின் கையைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

“அந்தத் தம்பிக்குச் செஞ்ச சாமி எம் புள்ளைக்குச் செய்யாதாங்க?”

சொல்லடி வினோதா, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் கிஷாந்த் உடைந்துபோவான், அப்புறம் என் கைத் தண்ணீரைக்கூடத் தொடமாட்டான் என்று ஒரு நியாயமும் உடனே கிடைத்தது. நல்ல நியாயம்தான்.

வாயைத் திறந்தேன்.

“டீ குடிச்சிட்டுப் போங்க” என்றேன்.

பூண்டுலோயா பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் படியிறங்கினார்கள். பூரணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பாவி, நான் அவளுக்குக் கையும் காட்டினேன்.

கிஷாந்த் கோப்பையை நீட்டினான். எல்லாருக்கும் ஊற்றிய அதே தேநீரை அவனுக்கும் ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“இன்னிக்கி மாத்திரை போடலியாக்கா?”

கேத்தலைக் கீழே வைத்தேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். அடியில மாவு மாதிரி நிக்கும்ல. அதக் குடிச்சாத்தான் மண்டைக்குள்ள சத்தம் அடங்குது. அதான் கலக்கிக் குடிச்சிருவேன்.”

“பின்ன ஏன்டா எல்லார் முன்னுக்கும் அப்புடிச் சொன்ன?”

“உண்மையச் சொன்னா பாஸ்டர் ஒங்களத்தானேக்கா ஏசுவாரு? நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான்.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான்.

என் பார்வை போன இடத்தைப் பார்த்து மேசைப் பக்கம் திரும்பினான்.

“அது யாரோட மருந்துக்கா?”

சொன்னேன். கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.

“வாங்கக்கா, ஓடிருவோம். நானும் நீங்களும் சேந்து சொன்னாத்தான் அந்தம்மா நம்பும்.”

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. கிஷாந்த் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தான்.

அப்போதுகூட நான் முதலில் திரும்பிப் பார்த்தது, பாஸ்டர் பக்கத்தில் நிற்கிறாரா என்றுதான்.