நீலத்தில் ஒரு வெளிறல்

சாயக்கழிவு கலந்த ஆற்றைத் தெளியவைக்கும் பாக்டீரியாவைத் தேடிய மங்கையர்க்கரசியின் ஆய்வு அன்று மாலையோடு மூடப்படவிருந்தது. நீலச்சாயம் கலந்த கண்ணாடி வளர்ப்புத் தட்டுகளில் தனித்து விழுந்த பாக்டீரியா செல்கள் எவையும் பிழைக்கவில்லை. கடைசித் தட்டைக் கிருமிநாசினி வாளியில் போடவந்த தோழி ஜெசிந்தா நின்றாள்.

"ஏய், இங்க பாருடி. ஓரத்துல எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வளந்திருக்கு."

"அழுக்கா இருக்கும். நீ மூடாமத் தும்மியிருப்பே."

"என் தும்மல் சாயத்தைத் தின்னுமா?"

மங்கை தட்டைச் சன்னலருகே உயர்த்தினாள். திரண்டிருந்த அந்தக் கொத்தைச் சுற்றி மட்டும் நீலம் வெளுத்திருந்தது. அதன் வழியே பகல் வெளிச்சம் கடுகளவாய், நிறமின்றி, அவள் உள்ளங்கையில் விழுந்தது. கையை அசைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஜெசிந்தா வாளியைக் காலால் மெல்லத் தள்ளிவைத்தாள்.