தலைமேல் சத்தியம்

பெயிண்டர் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார்.

மனைவியின் முகம் மாறியது. "ஊதுங்க."

புதினா மிட்டாய் வாசனைதான் வந்தது.

"மூக்கைத் தொடுங்க."

விரல் கன்னத்தில் போய் நின்றது.

"என்னடி, போலீஸ்காரி மாதிரி! நாள் முழுக்க ஏணியில நின்னது, தலை சுத்துது. என் தலைமேல சத்தியமா ஒரு சொட்டுக்கூடத் தொடலை." நாக்கு குழறியது.

"அந்தத் தலைமேல மட்டும் சத்தியம் பண்ணாதீங்க. நிஜமாவே குடிக்கலையா?"

"நிஜமா!"

அடுப்பை அணைத்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "சிறுமூளையில புதுசா ரத்தக்கசிவு இல்லம்மா. போன வருஷம் ஆபரேஷன் பண்ணின இடமும் நல்லா ஆறியிருக்கு. ஆனா ரத்தப் பரிசோதனையில தெரியுது, ஐயா நல்லாவே குடிச்சிருக்கார். இனிமே தொட்டா மறுபடியும் கசியலாம்."

"அப்பாடா!" என்று உட்கார்ந்தவள், பெயிண்டர் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷமும் இப்படித்தான் தள்ளாடிக்கிட்டே வந்து, குடிக்கலைன்னு கெஞ்சினீங்க. குடிகாரன் பேச்சுன்னு படுக்கப் போட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உயிரே போயிருக்கும்னாங்க."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு உண்மையைச் சொன்னீங்க, நம்பல. இன்னைக்குப் பொய் சொன்னீங்க, நம்பித் தொலைச்சேன்!"