போர்க்கப்பல் காட்சி

பவானியில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் தம்பிதுரைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். தினமும் படத்துக்கு வருவாள். ஏரியில் பாய்மரப் போர்க்கப்பல் எரியும் சண்டைக்காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

"ஏனுங்க அம்மணி, ஹீரோ மேல அத்தனை ஆசைங்களா?" என்று ஒருநாள் கேட்டான்.

"கப்பல்லிருந்து தண்ணியில உழுந்து ஒருத்தரு கையை ஆட்டுவாருங்களே, அவரப் பாக்க வாரேனுங்க. எங்க ஊட்டுக்காரருங்க."

"என்னமா நடிச்சிருக்காருங்க. ஒருநாள் கூட்டியாங்க, நானும் பாக்கோணும்."

"நடிக்கலீங்க. சூட்டிங்குல கூலிக்குக் கப்பல்ல ஏறி நின்னாரு. நீச்சல் தெரியாதுங்க. அன்னிக்கே தண்ணியில முழுகிப் போயிட்டாரு. ஊட்டுல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க."

தம்பிதுரை தலைகுனிந்தான். அந்தக் காட்சிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் விசில் அவனுடையதுதான்.